பெயர் சொல்லாமல் வாசித்த மனு

சுஜாவின் நிச்சயதார்த்தப் பந்தியில், ஒரு ஜக் தண்ணீரை முழுதாக என் மனைவியின் மடியில் கவிழ்த்தேன். அரக்கு நிறப் பட்டுப்புடவை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டு எடுத்த ஒரே பட்டு. தண்ணீர் மடியை நனைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் தேங்கி, அங்கிருந்து சொட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மாளின் செருப்புவரை போயிற்று. பந்தியே எழுந்து நின்றது. பெண்ணுக்கு அப்பனான என் தம்பி கிங்ஸ்லி, "கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனக்கு? ஒரு விசேஷத்துலயாவது மனுசனா இருக்க மாட்டியா?" என்று நூறு பேர் முன்னால் கேட்டான். நான் வழக்கம்போல் பல்லைக் காட்டினேன். ஜெபகுமாரி இரண்டு கையாலும் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், மண்டபத்தின் பின்வாசல் வழியாக வெளியே போனாள். "பாவம்டி அவ, இந்த ஆளக் கட்டிகினு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் குரல் அவளுக்காகப் பரிதாபப்பட்டதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஜக்கை நான் வேண்டுமென்றேதான் கவிழ்த்தேன். தவறு நடந்தது அதற்கு முந்தின நிமிடத்தில். பாஸ்டர் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்துகொண்டிருந்தார். சுஜாவுக்காக, மாப்பிள்ளைக்காக, இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்காக, மாவட்டத்தில் மழைக்காக என்று ஜெபம் நீண்டுகொண்டே போயிற்று. இலையில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. நான் ஜெபகுமாரியின் காதருகே குனிந்து, "இவரு ஆமென் சொல்றதுக்குள்ள பிரியாணியில கீற ஆடு உயிர்த்தெழுந்துடும் ஜெபா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு முதலில் தோளில்தான் வரும். தோள் குலுங்கியது. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். திடீரென்று தோள் அப்படியே நின்றுவிட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியாது. கீழே பார்த்தேன். நாற்காலி நனைந்திருந்தது. பாஸ்டர் "ஆமென்" என்றார், எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஜக் இருந்தது.

வீட்டுக்கு ஆட்டோவில் வரும்போது, "எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"கர்ப்பப்பை எடுத்தாங்களே, அதுலருந்து. மூணு வருசம்." அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இருமினா போவுது. படி ஏறினா போவுது. சிரிச்சா ரொம்பப் போவுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சிரிக்க வைக்கறத நிறுத்திடுவீங்க."

ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றபோது அவள் என் பக்கம் திரும்பினாள். "இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான். நம்ம புள்ளைக்குக்கூடத் தெரியக் கூடாது." நான் கையை நீட்டிச் சத்தியம் செய்யப் போனேன். "சத்தியமெல்லாம் வாணாம், வேதத்துல கூடாதுன்னு போட்டிருக்குது. வாய மூடிகினு இருந்தா போதும்" என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாத தொழில். தெரிந்த தொழில் மனு எழுதுவது. எலியேசர் என்று பெயர் வைத்தார்கள், ஊர் இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொண்டது. திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேஜை போட்டு இருபத்திரண்டு வருடமாக இந்த எலி உட்கார்ந்திருக்கிறது. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, பட்டா மாற்றம், வாரிசுச் சான்று எல்லாம் எழுதுவேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லோரும் ஒரே அச்சில் எழுதுவார்கள். என்னிடம் மட்டும் ஆர்.கே.பேட்டையிலிருந்துகூடத் தேடி வருவார்கள். காரணம், நான் ஒவ்வொரு மனுவிலும் ஒரு வரி வைப்பேன். படிக்கிற அதிகாரியின் மனதில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு வரி. ஒரு பெண்ணுக்கு விதவைத்தொகை மனுவில், "என் கணவர் விட்டுச் சென்றது இரண்டு குழந்தைகளும் ஒரு ஹெல்மெட்டும்தான், ஹெல்மெட் இன்னும் புதிதாகவே இருக்கிறது" என்று எழுதினேன். அந்த அதிகாரி அதை இரண்டு முறை படித்தார் என்று பியூன் வந்து சொன்னான். அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை.

டாக்டரம்மா ஜெபகுமாரியைப் பார்த்துவிட்டு, இது நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான் என்றார். அடிவயிற்றுத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன், அதுவரை பெரியவர்களுக்கான டயாப்பர் என்றார். மருந்துக் கடையில் அந்தப் பாக்கெட்டின் விலையைக் கேட்டபோதுதான், குழந்தையாக இருப்பதைவிட வயதானவராக இருப்பது எவ்வளவு செலவு என்று தெரிந்தது. முதல் மாதம் வாங்கினோம். இரண்டாவது மாதம் அவளே ரேஷன் போட ஆரம்பித்தாள். ஞாயிறு சர்ச்சுக்கு ஒன்று, சந்தைக்கு ஒன்று. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குப் போவதை நிறுத்தினாள். சர்ச் கொயரில் இருபது வருடமாக முதல் வரிசையில் நிற்கிறவள். "தொண்ட சரியில்ல" என்று சொல்லியனுப்பினாள். நான் என் பெட்டியில் இருந்த அரசாங்கப் படிவம் அத்தனையையும் எடுத்துப் பார்த்தேன். பார்வை, கேட்டல், கை, கால், மனம், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. சிரித்தால் நனைந்துபோகிற பெண்ணுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஊருக்கெல்லாம் மனு எழுதினவன் என் வீட்டுக்கு எங்கே எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் சபையில் நோயாளர் உதவி நிதி என்று ஒன்று உண்டு. அதன் செயலாளர் பென்சன். ஓய்வுநாள் பள்ளியில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. சொந்தம் எதுவும் கிடையாது, ஆனாலும் சின்ன வயதிலிருந்து ஒருவரையொருவர் மச்சான் முறை வைத்துப் பாவா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி எவாஞ்சலின் டீ வைத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, சொன்னேன். சொல்லும்போது ஆட்டோவில் ஜெபகுமாரி சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் ஒருத்தனிடம் சொல்வது சொல்வதில் சேராது என்று அப்போது தோன்றியது.

"பேரு வெளிய வராதே?" என்று கேட்டேன்.

"நானு, பாஸ்டரு, ஆபீஸ் பீரோ. மூணு பேருக்குத்தான் தெரியும் பாவா. பீரோவுக்கு வாய் கெடையாது" என்றான் பென்சன். "ஒரு விண்ணப்பம் மட்டும் எழுதிக் குடு. கமிட்டி ஃபைலுக்கு வேணும்."

ஒரு விண்ணப்பம் மட்டும். அதை நான் மூன்று வரியில் முடித்திருக்கலாம். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்க எழுதினேன். ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். கடைசியில் வந்தது இது: "நான் சொல்லும் நகைச்சுவைக்குச் சிரித்தாலே என் மனைவிக்குச் சிறுநீர் போய்விடுகிறது. இருபத்தொன்பது வருடங்களில் நான் அவளுக்குச் செய்த ஒரே உருப்படியான காரியம் சிரிக்க வைத்ததுதான். இப்போது அதற்கும் துணி மாற்ற வேண்டியிருக்கிறது." கையெழுத்துப் போட்டுவிட்டு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து மாதா மாதம் ஒரு பெரிய கறுப்புக் கவர் வந்தது. பென்சன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து என் மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போவான். ஜெபகுமாரி கேட்டபோது, சென்னையில் ஒரு மொத்த வியாபாரிக்கு மனு எழுதிக்கொடுத்தேன், அவர் நன்றிக்கு அனுப்புகிறார் என்றேன். "பேரு இன்னா?" என்றாள். வாய்க்கு வந்ததை, "ராஜமாணிக்கம்" என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் குடும்ப ஜெபத்தில் ராஜமாணிக்கம் வந்தார். ராஜமாணிக்கத்தின் வியாபாரம், ராஜமாணிக்கத்தின் பிள்ளைகளின் படிப்பு, ராஜமாணிக்கத்துக்கு நல்ல சுகம். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். இல்லாத மனிதனுக்கு இத்தனை ஆசீர்வாதம் போய்ச் சேர்ந்திருந்தால், இந்நேரம் அவர் மாடி வீடு கட்டியிருப்பார்.

ஆனால் அந்த ஐந்து மாதம் நல்ல மாதங்கள். அவள் மறுபடி பாட்டுப் பயிற்சிக்குப் போனாள். அரக்கோணத்தில் இருக்கிற மகள் வீட்டுக்குத் தனியாகப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். சமையலறையிலிருந்து, "இன்னிக்கி ஆபீஸ்ல இன்னா கூத்து, சொல்லுங்க" என்று அவளாகவே கேட்டாள். சொன்னேன். சிரித்தாள். நடுவில் நிற்காமல், முழுசாக.

தை மாதம் அறுப்பின் பண்டிகை. மேடை முழுக்கக் காணிக்கையாக வந்த கரும்பும் பூசணியும் வாழைத்தாரும். ஆராதனை முடிந்து அவற்றின் ஏலம் ஆரம்பிக்கும் முன்பு, அந்த வருடத்தின் உதவிப் பணிகளை அறிக்கையாக வாசிப்பது எங்கள் சபை வழக்கம். அறிக்கை எவ்வளவு உருக்கமோ, காணிக்கைப் பை அவ்வளவு கனம். பென்சன் மைக்கைப் பிடித்தான். கல்விக்கு இவ்வளவு, வீடு பழுதுபார்க்க இவ்வளவு என்று சொல்லிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். இந்த நிதி என்ன செய்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக வாசிக்கிறேன்." பிறகு வாசித்தான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டுமோ அந்த இடத்தில் நிறுத்தி வாசித்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் வரிக்குச் சபை மெல்லச் சிரித்தது. இரண்டாவது வரிக்கு அமைதியாயிற்று. மூன்றாவது வரி முடிவதற்குள் ஆண்கள் பக்கம் தலைகள் திரும்ப ஆரம்பித்தன. பக்கத்து வரிசை சின்னசாமி அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் பார்த்தார். பிறகு எல்லோரும், ஒரே நேரத்தில், என்னிடமிருந்து பார்வையை எடுத்து ஆல்டர் மேடைப் பக்கத்தில் சபையைப் பார்த்து உட்கார்ந்திருந்த கொயரின் முதல் வரிசைக்குக் கொண்டுபோனார்கள்.

ஜெபகுமாரி எழுந்து ஓடவில்லை. அறிக்கைக்குப் பிறகு பாட்டு. அவள் எழுந்து நின்று நான்கு சரணத்தையும் பாடினாள். அன்று மாலைக் குடும்ப ஜெபத்தில் ராஜமாணிக்கம் வரவில்லை.

மறுநாள் பென்சன் வீட்டுக்குப் போனேன். அவனை யூதாஸ் என்றேன். அதைவிட மோசமானதும் சொன்னேன், எழுத முடியாது. எவாஞ்சலின் கதவோரம் நின்றிருந்தாள்.

"பேரு சொன்னேனா பாவா? நீயே சொல்லு, பேரு சொன்னேனா?" என்றான் பென்சன். "நேத்து வந்த காணிக்கையில இன்னும் நாலு குடும்பத்துக்குக் குடுக்கலாம். ரெண்டு பொம்பளைங்க எவாஞ்சலின் கிட்ட வந்து, எங்களுக்கும் இப்படித்தான் கீதுன்னு அழுதாங்க. உன் எழுத்தாலதான்."

"என் எழுத்தாலயா, உன் வாயாலயா? பேரு சொல்லலன்னா எல்லாருக்கும் எப்பிடித் தெரிஞ்சுது?"

"என்னக் கேட்டா?" என்றான். அவன் பார்வை சுவரில் இருந்த காலண்டருக்குப் போயிற்று.

"வீட்ல சொன்னியா?"

"அண்ணா, எங்கிட்டகூட அவரு சொல்லல. சர்ச்சுலதான் எனக்கே தெரியும்" என்றாள் எவாஞ்சலின்.

"அதான் கேக்கறேன், சர்ச்சுல எப்பிடித் தெரிஞ்சுது?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, புருஷனைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சுது. அவ்ளோதான்" என்று உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். உள்ளே அரைக்க எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பாஸ்டரிடம் போனேன். கர்த்தர் எல்லாவற்றையும் நன்மையாக முடியப் பண்ணுவார் என்று சொல்லி எனக்காக ஜெபித்தார், சுருக்கமாக. சின்னசாமி அண்ணனிடம் கேட்டேன். "வுடுப்பா எலி, நல்லாத்தான் எழுதியிருந்த" என்று தோளைத் தட்டினார். பீரோவைத் தவிர எல்லோரையும் கேட்டுவிட்டேன்.

அடுத்த மாதக் கவரைப் பென்சன் என் மேஜைக்குக் கொண்டுவரவில்லை. வீட்டு கேட்டில் தொங்கவிட்டுப் போயிருந்தான். இனிமேல் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பான். ஜெபகுமாரி அதை எடுக்கவில்லை. நான்கு நாள் தொங்கியது. ஐந்தாம் நாள் நான் எடுத்து உள்ளே வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. பழைய காட்டன் புடவைகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டாள். துவைத்து, கொல்லையில் போர்வைக்கு மறைவில் காயப்போட்டாள். சர்ச்சுக்குப் போவதில்லை, சந்தைக்கு நான்தான். சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், உப்பு போதுமா என்று கேட்டாள். நான் சொல்கிற எதற்கும் சிரிக்கவில்லை. கோபமா என்று கேட்டால், "மோர் இருக்குது, ஊத்திக்கோங்க" என்றாள். மன்னித்துவிடு என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். இந்த இரண்டு வார்த்தைகளைப்போல மனிதனை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிற வேறு வார்த்தை தமிழில் இல்லை.

மாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் எழுந்தபோது அவள் புடவை கட்டிக் கைப்பையோடு நின்றிருந்தாள். சென்னையில் பெரியாஸ்பத்திரி ஒன்றில் அந்த அடிவயிற்றுத் தசைப் பயிற்சியை இலவசமாகச் சொல்லித் தருகிறார்களாம், செவ்வாய்க்கிழமைதோறும்.

"யாரு சொன்னா?"

"நர்சம்மா. நானே போயி வாயத் தொறந்து கேட்டேன். சீட்டு எழுதிக் குடுத்தாங்க."

"நானும் வரேன்."

"வர்றதுன்னா வாங்க" என்றாள். அந்தச் சொல்லில் அழைப்பும் இல்லை, மறுப்பும் இல்லை.

திருத்தணியிலிருந்து போகிற மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. சென்ட்ரல்வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவள் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை என்பதை உலர்ந்த உதடு சொன்னது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குலுங்கலுக்கும் உடம்பை இறுக்கிக்கொண்டாள். அரக்கோணம் போயிற்று. திருவாலங்காட்டில் கரும்பு லாரிகள் கேட்டுக்கு அந்தப்புறம் வரிசையாக நின்றன. எனக்கு அவற்றைப் பற்றி ஒரு வேடிக்கை தோன்றியது. விழுங்கினேன். மணவூர் தாண்டியதும் எதிர் சீட்டுக்காரர் இறங்கும் வாசலுக்குப் போய்விட்டார். அந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"ஜெபா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மோரு இருக்குதுன்னு சொல்லாத" என்றேன். "உங்கிட்ட சொல்லாம எழுதிக் குடுத்தது தப்புதான். ராஜமாணிக்கம் தப்புதான். ஆனா பென்சன் பேரு சொல்லல. தாள்ல பேரு வாசிக்கல. எல்லாருக்கும் எப்பிடித் தெரிஞ்சுது? யாரு காட்டிக் குடுத்தது?"

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். இரண்டு மாதத்தில் முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

"கொயர்ல குந்தினா எல்லாரு மூஞ்சியும் தெரியும்" என்றாள். "பென்சன் தாள எடுத்தப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது. யாரோ எவரோன்னு நெனச்சேன். எப்பவும்போல உங்களத்தான் பாத்துகினு இருந்தேன். உங்க உதடு அசைஞ்சுது. அவன் படிக்கறதுக்கு முன்ன நீங்க படிச்சிகினு இருந்தீங்க. ஜனங்க சிரிக்கறதுக்கு முன்ன நீங்க சிரிச்சீங்க. சந்தோசமா. மொதமொதல்ல எந்தச் சிரிப்பப் பாத்து உங்களக் கட்டிகினேனோ, அந்தச் சிரிப்பு. அதத்தான் சின்னசாமி அண்ணன் பாத்தாரு. அவரப் பாத்து மத்தவங்க. எவாஞ்சலினும் பாத்தா, பென்சனும் பாத்தான். சொல்றதுக்கு அவங்களுக்கு மனசு வரல." ஜன்னல் கம்பியை மாற்றிப் பிடித்தாள். "யாரும் காட்டிக் குடுக்கலைங்க. நீங்கதான்."

ரயில் கடம்பத்தூரில் நின்று கிளம்பியது.

திருவள்ளூரில் கூட்டம் ஏறியது. கொய்யாப்பழக் கூடையோடு ஒரு அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நின்றாள். எதிர் சீட்டு நிரம்பிவிட்டிருந்தது. "கொஞ்சம் நவுந்தா குந்திப்பேன் கண்ணு" என்று ஓரத்தில் இருந்த என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் ஜெபகுமாரி பக்கமாக நகரப் பார்த்தேன். அதற்குள் ஜெபகுமாரி எங்களுக்கு நடுவில் இருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தைக் கையால் தட்டி, "இப்பிடி வந்து குந்தும்மா" என்றாள். அந்த அம்மாள் என் முழங்கால்களைத் தாண்டி வந்து நடுவில் உட்கார்ந்து, கூடையை மடியில் ஏற்றிக்கொண்டாள். பச்சையும் மஞ்சளுமாகக் குவிந்திருந்த பழங்களுக்கு அந்தப்புறம், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த ஐந்து விரல்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. ரயில் குலுங்கும்போதெல்லாம் அவை வெளுத்து, பிறகு மெல்லச் சிவந்தன.